மறுபடி கேட்காத மேசை

முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு ஆத்திரத்துக்கு வரலாம். ஐம்பத்தாறு வயதில், குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு குச்சிகளால் கடலைப்பருப்புப் பொறுக்கப் பழகினேன். வாரக்கணக்காகப் பழகினேன். ஒரு கோப்பையிலிருந்து மற்றக் கோப்பைக்கு. பருப்பு தவறி விழுந்து உருண்டோடும். நான் மேசைக்குக் கீழே தவழ்ந்து போய் அங்கேயும் குச்சியாலேயே அதைப் பிடிக்கப் பார்ப்பேன். விரலால் எடுப்பது பயிற்சி விதிகளுக்கு விரோதம். விதிகளை வகுத்தவனும் நான்தான். ஒரு நாள் மனைவி கதவைத் திறந்தார். மேசைக்குக் கீழே என் பின்புறத்தைப் பார்த்தார். மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அந்தச் சாத்தலில் இருந்த கருணை இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

இவ்வளவும் எதற்காக என்றால், பலேர்மோவிலேயே பேர்போன ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைக்கு எங்களைச் சாப்பிட அழைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கையேடுகள் புகழ்ந்து நட்சத்திரம் கொடுத்த கடை. மிலானிலிருந்து விமானம் ஏறி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்களாம். அழைத்தவர் என் மகள் கட்டப்போகும் பெடியனின் தாய்.

நான் இந்த நகரத்தில் ஒரு வசதியான கட்டடத்துக்குப் போர்த்தியேரே, அதாவது வாசற்காவலாள். கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு கடிதங்களைப் பிரிப்பேன், மின்தூக்கி பழுதானால் ஆள் கூப்பிடுவேன், மிச்ச நேரம் வாசிப்பேன். வாசிப்பு மனிதனைப் பண்படுத்தும் என்று சொல்கிறார்கள். என் விசயத்தில் ஒரு மாற்றந்தான் நடந்தது. முன்பு சும்மா கோபப்பட்டேன். இப்போது ஆதாரங்களோடு கோபப்படுகிறேன்.

மகள் ஆஸ்பத்திரியில் தாதி. பெடியனும் அதே வார்டில் தாதி. பலேர்மோக்காரன். அவனில் குறை பிடிக்க நான் மனதார முயன்று பார்த்தேன், கிடைக்கவில்லை. அவனுடைய தாயைத்தான் நாங்கள் கண்டதில்லை. புருசன் இல்லாதவர், ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியை, ஒரே பிள்ளை. மாரிகாலத்தில் என் மனைவி மகளிடம் சொல்லிவிட்டார்: "அவவை ஒரு ஞாயிறு இஞ்சை சாப்பிட வரச்சொல்லு, பிள்ளை." மகள் போய்க் கேட்டாள். திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

"வேண்டாமாம். உங்களுக்குச் சிரமம் தரவேண்டாமாம்."

அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் மாரி முழுவதும் காய்ந்தேன். மற்ற இனத்தவர்கள் இதை ஒரு சாதாரண மறுப்பாக எடுத்திருப்பார்கள். நான் யாழ்ப்பாணத்தான். ஒரு வீட்டில் வாய் நனைக்க மாட்டேன் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் அந்த அர்த்தத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சாதி பார்த்து மற்றவர்களின் முற்றத்தில் நின்று உச்சரித்தவர்கள். கொடுக்கும்போது அதற்கு ஆசாரம் என்று பெயர். வாங்கும்போதுதான் அது அவமானம் என்று எனக்கு விளங்கியது. சீசா என்கிற பழைய பேட்டையில், மூன்றாம் மாடியில், படிக்கட்டெல்லாம் பொரியல் மணக்கும் எங்கள் வீட்டில், லத்தீன் தெரிந்த அம்மா கை நனைக்க மாட்டாவாம்.

பிறகுதான் இந்த அழைப்பு. யாருடைய வீடும் இல்லாத இடம். இரு வீட்டாரும் மற்றவரின் சமையல் வாசம் படாமல் சந்திக்கலாம். அதையும் நான் சரியாகவே விளங்கிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

போதாக்குறைக்கு, இரண்டு நாளைக்கு முன் கடையிலிருந்து மகளின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. விருந்தினர்கள் தயவுசெய்து வாசனைத் திரவியம் எதுவும் பூசாமல் வரவேண்டுமாம். மீனின் மென்மையான மணத்தை அது கெடுக்குமாம். எல்லோருக்கும் அனுப்புகிற செய்தி என்று மகள் சொன்னாள். சனிக்கிழமை காலையில் பார்க்கிறேன், மனைவி தலையை இரண்டாம் முறை முழுகிக்கொண்டிருக்கிறார். உடுத்திக்கொண்டு போக எடுத்து வைத்திருந்த சேலையைப் பல்கனியில் காற்றாட விட்டிருக்கிறார்.

"ஏனப்பா திரும்பவும் முழுகுறீர்?"

"குசினி மணம் போகவேணுமெல்லே" என்றார், தலையைத் துடைத்துக்கொண்டே.

அந்த நேரத்தில் எனக்கு அந்தக் கடையையும் அதன் மீனையும் ஜப்பான் தேசத்தையும் துறைமுகத்துத் தண்ணீருக்குள் தள்ளிவிடலாம் போலிருந்தது. ஆனால் நான் செய்தது என்ன? என்னுடைய கமக்கட்டை மணந்து பார்த்தேன்.

மத்தியானச் சாப்பாடு. பஸ்ஸில் போனோம். மகள் எங்களுக்கு எதிரே இருந்தாள்.

"அப்பா, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ."

"நான் எப்ப கோவிச்சனான்?"

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

"இண்டைக்கும் ரெண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தியளெண்டால், அவரும் நானும் கொமூனேக்குப் போய்க் கையெழுத்து வைச்சிட்டு வந்திடுவம். நகரசபை மண்டபம் காணும் எங்களுக்கு. ஒருத்தரும் வரவேண்டாம். அவற்ற அம்மாவும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். கதைச்சு முடிவெடுத்திட்டம்."

மனைவி சட்டென்று திரும்பினார். "உனக்கெண்டு எடுத்த கூறைச்சீலை பெட்டிக்குள்ளை கிடக்குது, பிள்ளை."

"அதை என்னட்டைச் சொல்லாதேங்கோ அம்மா. அப்பாட்டைச் சொல்லுங்கோ."

மனைவி என் முகத்தைப் பார்த்தார். பஸ் ஒரு ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து எழும்பியது. மகளுக்கு ஒரு கலியாணவீடு நடப்பதா, இரண்டு பேர் போய் ஒரு எழுதுவினைஞர் முன்னால் கையெழுத்து வைப்பதா என்பது இன்றைக்கு என் முகத்தில் தங்கியிருக்கிறது என்று விளங்கியது. என் முகத்தைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் கிடையாது.

துறைமுகத்துக்குப் பின்னால், பழைய பண்டகசாலை ஒன்றைத் திருத்திக் கட்டிய இடம். பெயர்ப்பலகை இல்லை. எங்கள் ஆட்கள் கடை திறந்தால் பலகை முதலில் வரும், சாமான் ஆறுதலாக வரும். இங்கே ஒரு சாம்பல் நிறக் கதவு, அதில் ஒரு மணி. கண்டுபிடிக்கத் தெரிந்தவன் வா, மற்றவன் போய் நேப்பிள்ஸ் கப்பலுக்கு வரிசையில் நில் என்கிற மாதிரி. பெடியனின் தாய், அந்தச் சிஞ்ஞோரா, மகனோடு வாசலில் நின்றார். சின்ன உருவம், முத்துமாலை, நேரான முதுகு. நான் கை கொடுக்கப் போனேன், அவர் கன்னம் கொடுக்க வந்தார், நான் கையை இழுத்துக் கன்னத்தைக் கொடுத்தபோது அவர் கையை நீட்டினார். கடைசியில் என் மூக்கு அவருடைய காதுத் தோட்டில் முட்டியது. இரு குடும்பங்களின் முதல் தொடுகை.

உள்ளே மேசை என்று ஒன்று இல்லை. ஒரே மரத்தில் அறுத்த நீளப் பலகை, அதற்கு இந்தப் பக்கம் கதிரைகள், அந்தப் பக்கம் மாஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் சமையல்காரர். எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே திசை பார்த்து இருக்கவேண்டும். முகம் பார்த்துப் பழகவென்று கூட்டி வந்த இரண்டு குடும்பங்களை, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் வதிவிட அனுமதிக்கு இருத்தி வைப்பதுபோல் வரிசையாக இருத்தினார்கள். பெடியன், மகள், மனைவி, நான், அந்தத்தில் சிஞ்ஞோரா. அவரோடு கதைக்க நான் கழுத்தைத் திருப்பினால், மாஸ்டர் ஒரு கண நேரம் கத்தியை நிறுத்துவார். நான் கழுத்தை நேராக்கினால் கத்தி தொடரும். நல்ல ஏற்பாடு. சம்பந்திகள் சண்டை பிடிக்காமலிருக்கக் கண்டுபிடித்த தளபாடம் என்று நினைத்தேன். பிறகு அதுவும் பொய்யாய்ப் போனது.

கறுப்பு உடுத்த ஒரு இளம்பெண், இந்த ஊர்க்காரிதான், கோயிலில் பேசுகிற குரலில் விளக்கினாள். பட்டியல் இல்லை. மாஸ்டர் தனக்குத் தோன்றியதைத் தருவார். விருந்தாளி போதும் என்று சொல்லும் வரை தந்துகொண்டே இருப்பார். நான் தலையாட்டினேன். கேட்கவில்லை. கேட்க எனக்கு நேரமில்லை. கண்ணால் குச்சிகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

குச்சிகள் இல்லை.

"இங்கே குச்சி தருவதில்லை" என்றாள் அந்தப் பெண். "சுஷியைக் கையால் சாப்பிட வேண்டும் என்பது மாஸ்டரின் விருப்பம். கைதான் மரியாதை."

பக்கத்தில் மனைவியின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கத் தெரியாதவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணாடி அறையில் மத்தியானச் சோற்றை நான் வருடக்கணக்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்து சாப்பிடுகிறேன். ஆரம்பத்தில் ஒரு நாள் அந்தக் கட்டடத்து இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஒரு சிஞ்ஞோரா என் விரல்களைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்ட விதம் அப்படி. அதற்குப் பிறகு என் கதிரைக்குச் சுவர்தான் துணை. இங்கே பாருங்கள், அதே விரல்கள், அதே சோறு. ஆனால் பெயர்ப்பலகை இல்லாத கதவுக்கு இந்தப் பக்கம் அது மரியாதையாகிவிட்டது. மிலானிலிருந்து விமானத்தில் வந்து விரல் நக்குகிறார்கள். யாரிடம் போய்க் கோபப்படுவது? நான் என் பருப்புகளை நினைத்துக்கொண்டேன்.

முதல் துண்டு வந்தது. பலகையில் நேரே, என் முன்னால், விரல் நீளத்துக்கு. சோறு உடம்புச் சூட்டில் இருந்தது, மேலே மீன் குளிர்ச்சி. வாயில் வைத்தேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாடு கேவலமாக இருந்திருந்தால் என் கோபம் சுத்தமாக இருந்திருக்கும். இரண்டாவது துண்டு அதைவிட நன்றாக இருந்தது. பிறகு கணவாய் மீன், நூலைப்போல் கீறிக் கீறி, வெண்ணெய் மாதிரி. பிறகு தோல் மினுங்கும் ஒரு மீன், வினாகிரியில் தோய்த்தது. அதைத் தின்றபோது நான் யாரோடு கோபம் என்பதையே ஒரு கணம் மறந்துவிட்டேன். சிஞ்ஞோரா என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தில் மகள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

இந்த இடத்தில்தான் என் வளர்ப்பு குறுக்கே வந்தது.

எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மற்றவர் செலவில் சாப்பிடும்போது, கொஞ்சம் சாப்பிட்டதும் கையால் இலையை மறைத்து, போதும் என்ற அர்த்தத்தில் "காணும், காணும்" என்று சொல்லவேண்டும். சொல்லாதவன் சாப்பாட்டைக் காணாதவன். பரிமாறுகிறவர் அந்தக் கையை விலக்கிவிட்டுப் போடவேண்டும். போடாதவர் கஞ்சன். முதல் "காணும்" வாய்க்கு, இரண்டாவது பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, மூன்றாவதில்தான் வயிறு கொஞ்சம் சம்பந்தப்படும். இது எழுதாத ஒப்பந்தம். இரு தரப்பும் மனமறிந்து பொய் சொல்லுகிற, மிக நேர்மையான ஒப்பந்தம். அந்த மினுங்கும் மீன் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனதால்தான் எனக்கு வெட்கம் வந்தது. அவாப்பட்டவன் மாதிரித் தெரியக்கூடாதே. மாஸ்டர் அடுத்த துண்டைப் பிடிக்கக் கையைச் சோற்றுக்குக் கொண்டுபோனபோது, நான் என் முன்னாலிருந்த பலகையைக் கையால் மறைத்தேன்.

"பாஸ்தா, கிராட்சியே" என்றேன். காணும், நன்றி.

மாஸ்டர் நிமிர்ந்தார். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். நான், பரிமாறுகிறவரை உற்சாகப்படுத்துகிற அந்தப் புன்னகையைச் செய்தேன். அவர் இடுப்புவரை குனிந்து வணங்கினார்.

அந்தப் பெண் வந்தாள். மீனோடு கடிக்க வைத்திருந்த என் இஞ்சித்துண்டை எடுத்தாள், கை துடைக்கும் துணியை எடுத்தாள், ஒரு கோப்பை தேநீரை வைத்தாள். மாஸ்டர் ஈரத்துணியால் என் முன்னால் இருந்த பலகையைத் துடைத்தார். விளிம்பு வரை, நிதானமாக, மரண வீட்டில் நிலம் கழுவுகிற மாதிரி. பிறகு என் மனைவிக்கு அடுத்த துண்டை வைத்தார். என்னைத் தாண்டி, சிஞ்ஞோராவுக்கு வைத்தார். என் முன்னால் இருந்த இடம் காய்ந்தது.

நான் காத்திருந்தேன். இரண்டாம் தரம் கேட்பார்தானே. மனிதன்தானே. சிவப்பாய், கொழுப்பு வரி வரியாய் ஓடிய சூரை மீனின் வயிற்றுத் துண்டு எனக்கு முன்னால் இடமிருந்து வலமாகப் போனது. அவர் கேட்கவில்லை. கடல் முள்ளெலியின் மஞ்சள் சதை போனது. கேட்கவில்லை. மனைவி வாய்க்குள் வைத்துக் கண்ணை மூடினார்.

"எப்பிடி இருக்கு?" என்றேன் மெதுவாக.

"கதையாதேங்கோ" என்றார், கண்ணைத் திறக்காமல்.

நான் தேநீர் குடித்தேன். தேநீர் முடிய, இன்னொரு கோப்பை வந்தது. அதற்கு மட்டும் கேள்வி கிடையாது.

இதற்குள் சிஞ்ஞோராவின் முகம் மாறிவிட்டதை நான் கவனிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். இத்தாலியனில் நடந்ததை என் தமிழில்தான் எழுதுகிறேன்; அவருடைய கோபத்தின் அழகில் பாதிதான் இதில் வரும்.

"உங்களுக்குப் பிடிக்கவில்லை, சிஞ்ஞோர்."

"மிக நன்றாக இருக்கிறது, சிஞ்ஞோரா."

"பிறகு?"

"போதும்."

"நாலு துண்டில் போதும்?"

"எனக்குக் கொஞ்சம்தான் சாப்பாடு" என்றேன். என் வயிறு அந்தநேரம் பார்த்து, பலகையின் மறு அந்தம் வரை கேட்கும்படி மறுத்துப் பேசியது.

அவர் தன் துண்டைத் தொடாமல் வைத்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் மேலால் மகனுக்குச் சிசிலியன் மொழியில் சொன்னார். எனக்கு அது விளங்காது என்ற நினைப்பு. வாசற்காவல் வேலையில் முதலில் படிக்கிற மொழியே அதுதான். "நான் சொன்னேனில்லையா? மனமில்லாத மனிதன். என்னுடைய சாப்பாட்டை ஒதுக்குகிறான்."

அவ்வளவு நேரமும் உள்ளே பொரிந்துகொண்டிருந்தது எனக்கு வெளியே வந்துவிட்டது. ஆனால் கோழை எப்போதும் பக்கத்து ஆளில்தான் பாய்வான். நான் மாஸ்டர்மேல் பாய்ந்தேன்.

"ஒரு மனிதன் போதும் என்று சொன்னால், இன்னொருக்கால் கேட்கக்கூடாதா?"

கத்தி நின்றது. கறுப்புடைப் பெண் ஓடி வந்தாள். "சிஞ்ஞோர், தயவுசெய்து... மாஸ்டர் விருந்தினரின் சொல்லை மதிக்கிறார்."

"என் சொல்லை மதிக்கச் சொல்லி நான் கேட்டேனா?"

பலகையின் மறு அந்தத்தில் இருந்த வெளிநாட்டுச் சோடி, இதுவும் சாப்பாட்டில் ஒரு பகுதியாக்கும் என்ற முகத்தோடு திரும்பிப் பார்த்தது.

"அவர்மேல் ஏன் கத்துகிறீர்கள்?" என்றார் சிஞ்ஞோரா. "வேண்டாம் என்றது நீங்கள். என் சாப்பாட்டை வேண்டாம் என்றது நீங்கள்."

"வேண்டாம் என்றது நானா? என் வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டேன் என்றது யார்?"

"அப்பா!" என்றாள் மகள். அந்த ஒரு சொல்லில் கொமூனே மண்டபம் முழுவதும் இருந்தது, வெறுங் கதிரைகளோடு.

"நானா?" சிஞ்ஞோரா எழுந்து நின்றுவிட்டார். நின்றும் என் தோளுயரம்தான். ஆனால் வகுப்பறையே எழுந்து நின்றமாதிரி இருந்தது. "நான் எப்போது வரமாட்டேன் என்றேன்?"

"மாரியில். என் மனைவி கேட்டனுப்பினார். வேண்டாம், சிரமப்பட வேண்டாம் என்று சொல்லி விட்டீர்கள்."

"பின்னே எதைச் சொல்வது? ஒருதரம் கேட்டதும், 'ஓம், இதோ வருகிறேன், பானையை ஏற்றுங்கள்' என்று சொல்வதா? நான் என்ன சாப்பாடு காணாதவளா? என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாள். மரியாதைக்கு ஒருதரம் வேண்டாம் என்றேன். உங்கள் மனைவி திரும்பக் கேட்பார் என்று காத்திருந்தேன். மாரி முழுவதும் காத்திருந்தேன்! என் தங்கை ஒவ்வொரு கிழமையும் கேட்டாள், திரும்பக் கூப்பிட்டார்களா என்று. ஒருவரும் கூப்பிடவில்லை. சரி, அவர்களுக்கு நான் வேண்டாம் என்று விளங்கிக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடை. இங்கே நான் யாருக்கும் வேண்டாத விருந்தாளி இல்லை."

பிறகு நானும் சிஞ்ஞோராவும் ஒரே நேரத்தில் மெதுவாகத் தலையைத் திருப்பினோம். மனைவியும் திரும்பினார். வரிசையில் இருந்ததால் எல்லோரும் ஒரே திசையில்தான் திரும்ப வேண்டியிருந்தது. மகள் தனியாக மாட்டிக்கொண்டாள்.

"என்ன என்னைப் பாக்கிறியள்?" என்றாள் தமிழில். அடுத்து இத்தாலியனில் எல்லோருக்குமாக: "அவர் வேண்டாம் என்றார். நான் வந்து வேண்டாமாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தானே?"

"அதுதானே" என்றான் பெடியன்.

"நீ வாயை மூடு" என்றார் தாய். "சொன்னது உன் அம்மா. விளங்கிக்கொள்ள வேண்டியது நீ!"

இரண்டும் தாதிகள். நோயாளி வேண்டாம் என்றால் எழுதி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகப் பழகியவர்கள். என் வீட்டில் பிறந்து, என் மனைவி கையை விலக்கி விலக்கிச் சோறு போட வளர்ந்த பிள்ளை, ஒரு மறுப்பைத் தபால்காரன் மாதிரிக் கொண்டுவந்து போட்டுவிட்டு ஒரு மாரியைக் கடந்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவளுக்கு என்னைவிடக் கூட வந்துவிட்டது.

"எத்தினை தரம் கேக்கோணும்?" என்றாள். "மூண்டு தரமா? அஞ்சு தரமா? ஆரேன் எனக்குச் சொன்னியளே? மனசிலை ஒண்டு வாயிலை ஒண்டு. ரெண்டு பக்கமும் ஒரே ஆக்கள். உங்களுக்கெல்லாம் நடுவிலை ஓடி ஓடி நான்தான் செத்தனான்!"

கண்ணீர் பலகையில் விழ, மாஸ்டர் துணியைத் தேடினார். அதையும் துடைத்துவிடுவார் போலிருந்தது.

அப்போது என் மனைவி கையை நீட்டினார். எனக்கு மேலால், என்னை ஒரு கதிரையின் கைபிடி மாதிரிக் கடந்து, சிஞ்ஞோராவின் கையைப் பிடித்தார். எத்தனையோ வருடம் இந்த ஊர் வீடுகளில் வேலை செய்து படித்த இத்தாலியன் அவருடையது. அதில் வினைச்சொற்கள் எல்லாம் கட்டளையாகத்தான் வரும்.

"சிஞ்ஞோரா, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீடு. சாப்பிட வா."

"ஐயோ வேண்டாம், சிரமப்படாதீர்கள்" என்றார் சிஞ்ஞோரா, அழுதுகொண்டே, பழக்கதோசத்தில்.

"வா. நண்டு சமைப்பேன்."

"வேண்டாம், வேண்டாம். எனக்குக் கொஞ்சம்தான் சாப்பாடு."

மனைவி கையை விடவில்லை. "வாங்கோ" என்றார் மூன்றாம் தரம், தமிழில்.

"எத்தனை மணிக்கு?" என்றார் சிஞ்ஞோரா.

மகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பெடியன் அவளுக்குத் துணியை நீட்டினான். எல்லோரும் திரும்ப இருந்தார்கள். மாஸ்டர், ஒன்றுமே நடவாததுபோல், வாட்டிய விலாங்கு மீனை வைக்கத் தொடங்கினார். இனிப்பும் புகையும் கலந்த மணம். நான் கறுப்புடைப் பெண்ணைச் சைகையால் கூப்பிட்டேன். நான் போதும் என்று சொன்னது ஒரு தவறு, திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எனக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் போய் மாஸ்டரின் காதில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். மிகுந்த அன்போடு, இடுப்புவரை குனிந்து, மறுத்தார். முடித்துக்கொண்டவருக்கு மறுபடி தொடங்குவது அவருடைய முறை இல்லையாம். இன்னொரு கோப்பை தேநீர் வந்தது.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான். கையேடுகள் அந்த மனிதரின் நுணுக்கத்தைப் பக்கம் பக்கமாகப் புகழ்கின்றன. கத்தியைப் புகழ்கின்றன, சோற்றின் சூட்டைப் புகழ்கின்றன. ஒரு விருந்தாளியின் முகத்தைப் பார்த்து, இவன் பொய் சொல்கிறான், இவனுக்குப் பசிக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாத சமையல்காரனுக்கு எதற்கு நட்சத்திரம்? எங்கள் கலியாணவீடுகளில் வாளியும் கரண்டியுமாக ஓடுகிற எந்தப் பெடியனுக்கும் அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோரா மகனோடு வந்தார். மூன்றாம் மாடிவரை ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, வாசலில் வைத்தே தனக்குப் பசியில்லை என்று அறிவித்தார். மனைவி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நண்டின் காலைக் கடித்து உடைப்பது எப்படி என்று என் மனைவிக்குச் சிஞ்ஞோரா காட்டினார். மனைவி அவருக்குக் காட்டினார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு "பாஸ்தா", ஒவ்வொரு "பாஸ்தா"வுக்கும் இன்னொரு கரண்டி. மகள் கதவோரம் நின்று, நிலையத்தில் புகையிரதம் மாறி ஏறியவள்போல் முழித்தாள். சாப்பாடு முடிய மனைவி பெட்டியைத் திறந்து கூறையை எடுத்துக் காட்டினார். சிஞ்ஞோரா கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் அதைத் தொட்டார். கலியாணத்துக்குத் தான் என்ன நிறம் உடுப்பது என்று கேட்டார்.

அவர்கள் போனபின், மனைவி பாத்திரம் கழுவ, நான் துடைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு மனதுக்குள் ஒரு பெருமை. அன்றைக்கு நான் கோபப்பட்டிராவிட்டால் இது ஒன்றும் நடந்திராது என்பது கண்கூடு. யாராவது அதைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லாதபடியால் நானே சொன்னேன்.

"பாத்தீரே, அண்டைக்கு நான் அந்தக் கடையிலை துள்ளினபடியாத்தான் எல்லாம் வெளியிலை வந்தது. நான் அந்த மனிசனிலை பாய்ஞ்சிருக்காட்டில் இண்டைக்குக் கூறையைப் பெட்டியிலையிருந்து எடுத்திருப்பீரே?"

மனைவி நண்டுச் சட்டியை உரஞ்சிக்கொண்டே தலையாட்டினார்.

"அதெல்லாம் சரியப்பா," என்றார், "ஆனால் நீங்கள் காணுமெண்டு கையாலை மறைச்சாப் பிறகுதான் அந்த மனிசன் நல்ல சாமானெல்லாம் எடுக்கத் துவங்கினது."